ஐந்து காயத்தைக் கழித்த நாள்

திரேஸ்புரத்தில் பிளாரன்ஸ் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டிய இரும்புக் குழாயின் உச்சியில் ஒரு ஏரியல் நிற்கிறது. அதன் வயர் சுவரோடு இறங்கி, அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மாதா படத்துக்குக் கீழே இருக்கும் வயர்லெஸ் பெட்டியில் சேர்கிறது. ஏழு வள்ளக்காரக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பெட்டி. அந்தத் தெருவில் அவள் வீடுதான் உயரம் என்று அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வதும், சொன்ன நம்பரை நோட்டில் எழுதிவைப்பதும் அன்றிலிருந்து அவள் பாடுதான்.

பிளாரன்ஸுக்கு வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. குழம்பு கொதிக்கும்போதும் ஒரு காது பெட்டியில் இருக்கும். கோயிலில் பூசை நடக்கும்போதும் காதுக்குள் அந்தக் கர்ரென்ற இரைச்சல் ஓயாது. சில நாள் உடம்பு தள்ளாமல், "ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள் இந்தப் பெட்டி வாயை மூடட்டும்" என்று வேண்டிக்கொள்வாள். வேண்டியதும் பயந்துபோய், "வேண்டாம் ராசாவே, அது பேசிக்கிட்டே இருக்கட்டும்" என்று மாற்றிக்கொள்வாள். பெட்டி பேசாவிட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

வள்ளங்கள் தூண்டில் போடப் போனால் மூன்று நாள், நான்கு நாள் கடலிலேயே கிடக்கும். தினமும் ஒரு தடவை கூப்பிட்டு, இன்ன இடத்தில் கிடக்கிறோம் என்று ஜி.பி.எஸ். காட்டும் நம்பரைச் சொல்ல வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் தேடிப் போக அதுதான் வழி. ஆனால் வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசினால் கடல் முழுக்கக் கேட்கும். தண்ணீருக்கடியில் மீன் கூடுகிற பாறைக்குப் பார் என்று பேர். நல்ல பாரின் நம்பரை உள்ளபடி சொன்னால் மறுநாள் விடியும்போது அங்கே இருபது வள்ளம் நிற்கும். அதனால் எல்லாரும் பொய் நம்பர்தான் சொல்வார்கள், ஆளுக்கொரு கணக்கில். பக்கத்துத் தெரு பவுல் மூன்றைக் குறைத்துச் சொல்வார். இன்னொருவர் வடக்கு நம்பரில் இரண்டைக் கூட்டுவார். ஏழு வள்ளத்துப் பொய்யும் பிளாரன்ஸ் ஒருத்திக்குத்தான் தெரியும். நோட்டில் இருப்பது சொன்ன நம்பர். நிஜம் அவள் நெஞ்சில் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் சிலுவை, கிழக்கு நம்பரில் ஐந்தைக் கூட்டிச் சொல்வார். ஐந்து என்றால் கடலில் ஐந்து மைல்.

"நம்ம ஆண்டவரோட அஞ்சு காயம், கையில ரெண்டு, காலுல ரெண்டு, விலாவுல ஒண்ணு. மறக்கவே மறக்காது" என்று அவர் முதலில் சொல்லிக்கொடுத்தபோது அவளுக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஆண்டவருடைய திருக்காயத்தைக் கொண்டுபோய் ஒரு பொய்க்குக் காவல் வைப்பதா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாள். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அந்தப் பாரு எங்க இருக்கு?" என்று கேட்டார். "அதச் சொல்லக் கூடாது சாமி" என்றாள். "சரிதான், மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்தப் பார் சிலுவையும் அவர் தம்பி தேவதாசனும் கண்டுபிடித்தது. பத்து வருஷமாக இரண்டு குடும்பமும் அதில்தான் சாப்பிட்டது.

மேற்கே இருந்து கச்சான் காற்று உரத்து வீசிய ஒரு சனிக்கிழமை. சிலுவையும் மூன்று பேரும் கடலுக்குப் போய் மூன்றாம் நாள். காலையில் சிலுவை கூப்பிடவில்லை. பதினொரு மணிக்கும் கூப்பிடவில்லை. பிளாரன்ஸ் அடுப்பை அணைத்துவிட்டு, பெட்டிக்கு முன்னால் செபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள். விவரம் கேட்டு, இந்தத் தடவை கடலுக்குப் போகாத தேவதாசன் வந்து வாசற்படியில் நின்றான். பகல் ஒரு மணி இருக்கும்போது பெட்டி பேசியது.

"சிலுவை அண்ணன் வீடா? அக்கா, தருவைகுளம் அமலன் பேசுதேன், விசைப்படகுல இருந்து. அண்ணன் என்னையக் கூப்பிட்டாவ. கைசெட்டுல சார்ஜ் தீரப் போவுது, கரைக்கு எட்டலையாம். பைப் விட்டுப்போயி, தண்ணி ஏறி, இஞ்சின் முங்கிட்டு. நாலு பேரும் தண்ணி இறைச்சிக்கிட்டுக் கிடக்காவ. ஓவர்."

"தம்பி, எங்க கிடக்காவளாம்?"

"கிழக்கு முப்பத்துமூணுன்னு நம்பர் தந்தாவ. நான் கிளம்பிட்டேன். ரெண்டு மணி நேரம் ஆவும். இந்தக் காத்துல நங்கூரக் கயிறு அதுவரைக்கும் தாங்கணும், அதான்."

பிளாரன்ஸின் கை தன்னால் நோட்டில் முப்பத்துமூன்று என்று எழுதியது. எழுதின பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது சொல்லுகிற நம்பரா, நிஜ நம்பரா? அந்தப் பார் கிடப்பது இருபத்தெட்டில். வழக்கம்போல ஐந்தைக் கூட்டிச் சொல்லியிருந்தால் அமலன் ஐந்து மைல் தள்ளிப் போய் வெறுங்கடலைத் தேடிக்கொண்டிருப்பான். அல்லது மனுஷர் இந்தத் தடவை வேறு இடத்துக்குப் போய், உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால்? அப்போது அவள் ஐந்தைக் கழிக்கச் சொன்னால் அதுவே தப்பாகிவிடும். எது தப்பினாலும், அமலன் போய்ச் சேர்ந்து, ஆளைக் காணாமல் திரும்பத் தேடுவதற்குள் வள்ளம் தாங்காது.

நேராகக் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அவள் ஒரு வழி யோசித்தாள். ஐந்து காயத்துக்கு ஒரு செபமும் உண்டு, கேட்கிறவர்கள் அதைத்தான் நினைப்பார்கள்.

"தம்பி, அவுகளக் கூப்பிட்டு, அஞ்சு காயம் சொல்லியாச்சான்னு கேளுங்க."

"செபமா? இப்பவாக்கா?"

"கேளுங்களேன் தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பெட்டி கொஞ்ச நேரம் இரைந்தது. அப்புறம் அமலன் வந்தான்.

"கேட்டேன்க்கா. விடாமச் சொல்லிக்கிட்டேதான் இருக்கோம், அவளையும் சொல்லச் சொல்லுன்னாவ. பதினெட்டு பாகத்துல நங்கூரம் கிடக்குன்னு என்னமோ சொல்ல வந்தாவ, அதோட கட்டாயிட்டு. இனிமே பேச முடியாது."

பிளாரன்ஸ் மாதா படத்தைப் பார்த்தாள். இந்த மனுஷர் கணக்கைச் சொன்னாரா, செபத்தைச் சொன்னாரா?

"செபத்தைத்தான் மதினி சொல்லியிருக்காரு" என்றான் தேவதாசன். "சாவப் போற நேரத்துல எவன் பொய் நம்பர் கொடுப்பான்? முப்பத்துமூணுதான் நெசம். பேசாம இருங்க."

பதினெட்டு பாகம் என்ற சொல் அவள் காதில் நின்றது. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். பாரில் வழக்கமாக விடுகிற கயிறு பதினெட்டு பாகம் என்று, கயிறு திரிக்கும்போதெல்லாம் சிலுவை சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்.

"தம்பி, முப்பத்துமூணுல தண்ணி எத்தன பாகம் இருக்கும்?"

"எங்க ஆழம் பாக்குற எக்கோல பாத்திருக்கேன், அங்கன நாப்பதுக்கு மேல..." அமலன் நிறுத்தினான். "யக்கா, வள்ளத்துக் கயிறு அவ்வளவு ஆழத்துக்கு எட்டாதே!"

தேவதாசன் ஓடிவந்து மைக்கைக் கையால் பொத்தினான்.

"மதினி, ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு. போன்ல சொல்லுவோம்."

"நடுக்கடல்ல எந்தப் போன் எடுக்கும், தாசன்?"

"பத்து வருஷச் சோறு மதினி அது. ரெண்டு குடும்பத்துச் சோறு."

"சோறு திங்கிறதுக்கு ஆள் வரணும்லா."

அவன் கையை அவள் தட்டிவிடவில்லை. விரல் விரலாக எடுத்துவிட்டாள். பிறகு மைக்கை வாயருகே வைத்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அமலன் தம்பி, அது நெச நம்பர் இல்ல. எங்க வீட்டுல அஞ்சைக் கூட்டித்தான் சொல்லுவாவ. வாய்ப்பழக்கத்துல சொல்லிட்டாவ. அஞ்சைக் கழிச்சிருங்க. இருபத்தெட்டுக்கு ஓடுங்க."

கடல் முழுக்க நோட்டை எடுத்து எழுதிக்கொள்கிற மாதிரி இருந்தது. தேவதாசன் படியிறங்கிப் போனான்.

மூன்றரை மணிக்கு அமலன் கூப்பிட்டு, "நாலு பேரும் நம்ம படகுல ஏறிட்டாவ. வள்ளத்தக் கட்டி இழுத்துட்டு வாரேன்" என்றான். பிளாரன்ஸ் உட்கார்ந்தபடியே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

இஞ்சின் சரியாகி வள்ளம் மறுபடி கடலுக்குப் போகப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் அந்தப் பாரில் தினமும் நாற்பது வள்ளம் நின்றது. தேவதாசன் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றால், "கழித்தல் அக்கா வாராவ, எண்ணிப் புடிங்க" என்று வாலிபப் பிள்ளைகள் கேலி பேசினார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சிலுவை அவளைக் குறை சொல்லவுமில்லை, நல்லது என்று சொல்லவுமில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது மட்டும், தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏளா, அன்னைக்கு அஞ்சு காயம்னு கேட்டுவிட்டியே, நான் செபம்னுதான் நெனச்சேன். கணக்கு நெனப்பே வரல."

"நம்பர் சொல்லும்போது மட்டும் வந்துட்டாக்கும்."

"அது நெனச்சுச் சொன்னதா? வாய் அதுவாச் சொல்லிட்டு."

இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் காலை பெட்டி கூப்பிட்டது. அதே பாரில் நாற்பதோடு நாற்பத்தொன்றாகக் கிடந்துகொண்டு சிலுவை பேசினார்.

"கிழக்கு இருபத்தெட்டு. எழுதிக்கோ. ஓவர்."

அவள் பதில் சொல்வதற்குள் யாரோ ஒருவன் குறுக்கே புகுந்து, "அக்கா, இதுல எத்தனையக் கழிக்கணும்?" என்றான். நான்கைந்து படகிலிருந்து சிரிப்புக் கேட்டது.

"ஒண்ணும் கழிக்காண்டாம்ல" என்றார் சிலுவை. "எட்டிப் பாத்தா தெரியுதே, பொறவு என்ன?"

பிளாரன்ஸ் இருபத்தெட்டு என்று எழுதினாள். எழுதிய பிறகும் மனசு தன்பாட்டில் ஐந்தைக் கழித்து இருபத்துமூன்று என்றது. அதை ஒதுக்கிவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். ஒரு அருள்நிறைந்த மந்திரம் பாதி சொல்லியிருப்பாள். பெட்டி மறுபடி கரகரத்தது. பவுல் கூப்பிட்டார். கண்ணைத் திறக்காமலே நோட்டைத் தடவி எடுத்தாள். அவருக்கு மூன்றைக் கூட்ட வேண்டும்.