மாவீரனின் கழுத்து வலி

செத்துப் பல நூற்றாண்டு ஆனவர்களுக்கு எங்கே வலித்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண் தாழிகளைத் தோண்டி எடுப்பவர்கள் வேறு. உள்ளே கிடக்கும் எலும்பைத் துடைத்து, ஒட்டி, மேசையில் அடுக்கி, 'இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்' என்று எழுதி வைப்பவள் நான்.

மாடிப்படியில் பாதியில் நின்று செல்போன் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறவர்களே, தரையில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கக் கை கொடுக்க ஆள் தேடுகிறவர்களே, கவலையே வேண்டாம். நம் கட்சியில் ஆதிகாலத்து ஆட்களும் இருக்கிறார்கள். குந்தி உட்கார்ந்தே காலம் தள்ளினார்கள், கணுக்கால் எலும்பில் அதன் தடம் இருக்கிறது. அரைத்த கல்லின் பொடியையும் மாவோடு சேர்த்துத் தின்றார்கள், பல்லெல்லாம் தேய்ந்து கிடக்கிறது.

எக்ஸ்ரே கவர்

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று பலகை மாட்டியது என் கணவரின் வேலை. அது ஆராய்ச்சிக்குக் கிடைத்த பட்டம். ஆனால் 'எலும்பு டாக்டராம்' என்று தெருவில் பரவிவிட்டது. அடுத்த வாரமே, பேங்கில் வேலை பார்த்து ரிட்டயரான ஒருவர் காலை வாக்கிங்கை எங்கள் வீட்டு வாசலில் முடித்துக்கொண்டு, பெரிய எக்ஸ்ரே கவரோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

நான் வைத்தியம் பார்க்கிறவள் இல்லை, என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் எப்போதோ செத்துப்போனவர்கள் என்று காபி ஆறும்வரை விளக்கினேன். அவர் அசையவில்லை. எக்ஸ்ரேயை உருவி எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். "உங்ககிட்ட வந்தவங்க யாராச்சும் இதுவரைக்கும் குறை சொல்லியிருக்காங்களா மேடம்? எனக்கு அது போதும்."

குழி மேட்டில்

பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தாழிகளைத் தேடிக் குழி போட்டிருந்தார்கள். ஊர் ஆட்கள்தான் வேலைக்கு. அவர்களைச் சேர்த்துவிட்டு மேற்பார்வை பார்த்தவர் கருப்பையா. அவர் மனைவி பேச்சியம்மாள், தோண்டிய மண்ணைச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து சல்லடைக்குக் கொண்டுபோகிறவர். நாற்பது வயதிருக்கும். பத்து நடைக்கு ஒருமுறை சட்டியை இறக்கிவிட்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு இடது கையை உதறுவார்.

ஒருநாள் என் கண் முன்னாலேயே கையிலிருந்து சட்டி நழுவி விழுந்தது. விசாரித்தால், கழுத்து வலி பல வருடமாக இருக்கிறதாம். இப்போது ரெண்டு விரல் மரத்துப்போகிறதாம், சோறு பிசையும்போது கிண்ணம் பிடித்திருக்கிறோமா என்றே தெரிவதில்லையாம். எனக்குத் திக்கென்றது. அப்படியே விட்டால் கையே விளங்காமல் போகலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். கருப்பையாவைக் கூப்பிட்டும் சொன்னேன். அவர் பெரிய நகைச்சுவை கேட்டதுபோலச் சிரித்தார். "நீங்க வேற டாக்டரம்மா, அவ நல்லா நடிப்பா. அவளுக்கு வேலைன்னா மட்டுந்தான் கழுத்து வலிக்கும்."

ஒரு கை எலும்பு

அந்தக் குழியில் ஒரு தாழி கிடைத்தது. முதலில் வெளியே தெரிந்தது மேல்கை எலும்பு. நல்ல கனம். தசை ஒட்டியிருந்த இடமெல்லாம் மேடு தட்டிக் கரடுமுரடாக இருந்தது. இடுப்பு எலும்பும் மற்றதும் இன்னும் மண் கட்டிக்குள் இருந்தன. அவற்றைப் பார்க்காமல் ஆணா பெண்ணா என்று வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நான் திறந்தேன். "எப்பேர்ப்பட்ட கை! ஆணாகத்தான் இருக்கும்" என்றேன்.

கருப்பையாவுக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் அந்த ஆண் வீரனாகி, மறுநாள் மாவீரனாகி, மூன்றாம் நாள் ஊர் எல்லையில் ஃப்ளெக்ஸாக நின்றான். 'எங்கள் மண்ணின் மாவீரன்.' முறுக்கு மீசை, கையில் வாள், பின்னால் ஒரு சிங்கம். கீழே வரிசையாக ஊர்ப் பிரமுகர்கள், நடுவில் மாவீரனைவிடப் பெரிதாகக் கருப்பையா கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் மட்டும் குழிக்குள் எட்டி அந்த எலும்பைப் பார்த்தார். தன் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினார். முறுக்கேறிய கை. அவர் கேட்டதற்கு நான் சிரித்துக்கொண்டே அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். "இதுல என்னம்மா வீரம் இருக்கு? என் கையும் இம்புட்டு இருக்குல்ல?"

டவுன் பஸ்

எலும்புகளை மண் கட்டியோடு பெட்டியில் வைத்து மதுரைக்குக் கொண்டுவர வேண்டிய அன்று ஜீப் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் திருமங்கலம் வரைக்கும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோர சீட்டில் பெட்டி, பக்கத்தில் நான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டியைப் பச்சைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்தேன்.

பஸ் நிறையப் பூக்கூடையும் பெண்களும். கண்டக்டர் பெட்டியைக் காட்டி என்ன என்றார். பொய் சொல்லத் தெரியாத வாய், பழங்காலத்து வீரர் ஒருவருடைய எலும்பு என்று சொல்லிவிட்டேன். அவர் பயப்படவும் இல்லை, வியக்கவும் இல்லை. நின்றுகொண்டிருந்த பெண்களை ஒரு பார்வை பார்த்தார். "பொம்பளைக அம்புட்டுப் பேரு நிக்கிறாகள்லம்மா? வீரரை எந்திரிச்சு எடம் விடச் சொல்லுங்க."

மேசை மேல்

ஆய்வகத்தில் மண் கட்டியைக் கரைக்க ஒரு வாரம் ஆனது. இடுப்பு எலும்பு வெளியே வந்தது. அகன்ற இடுப்பு. சந்தேகத்துக்கு இடமே இல்லை, பெண்.

பிறகு கழுத்து. வளையம் வளையமாக இருக்க வேண்டிய எலும்புகளின் ஓரம் தடித்து, முள் முளைத்திருந்தது. இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று நேரடியாகத் தேய்ந்து தேய்ந்து அந்த இடம் பளபளவென்று இருந்தது. நடுவில் இருக்கும் சவ்வு தேய்ந்து தீர்ந்த பிறகும் வேலை செய்துகொண்டே இருந்தால்தான் அந்தப் பளபளப்பு வரும். கைக்குப் போகும் நரம்பு வெளியே வரும் துளை பாதி அடைத்திருந்தது. எனக்கு உடனே பேச்சியம்மாள் கையை உதறுவது நினைவுக்கு வந்தது. கருப்பையாவைத் திட்டிக்கொண்டிருந்த நான் மட்டும் என்ன செய்தேன்? கையை நீட்டிக் காட்டியவரைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு பெண்ணாக இருந்துகொண்டு, பலமான கை என்றதும் ஆண் என்றேன். அன்று எனக்கு அப்படி வெட்கமாக இருந்தது.

ஊருக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தக் கழுத்து எலும்புகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் போட்டோகிராபர் செல்வம் வேறொரு கவலையில் இருந்தார். "அதெல்லாம் சரி மேடம், ஃப்ளெக்ஸ்ல மீசை வச்சுட்டாங்களே, அத எப்படி எடுக்கிறது?"

கொட்டகையில்

குழிக்குப் பக்கத்தில் போட்டிருந்த தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. பஞ்சு வைத்த சின்னப் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன். வீரன் இல்லை, பெண், அவசரப்பட்டுத் தப்பாகச் சொன்னது நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கருப்பையாவின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் மனிதர் லேசில் விடவில்லை. "சரி, பொம்பளைன்னே வச்சுக்குவோம். ராணியா?" என்றார்.

ராணி இல்லை, உழைத்த பெண். தலையில் சுமந்தாள் என்று எலும்பு சத்தியம் பண்ணாது, ஆனால் கழுத்துக்கு வருடக்கணக்காக ஓய்வே கிடைத்திருக்காது என்றேன். துளையைக் காட்டி, நரம்பு நசுங்கி விரல்கூட மரத்துப்போயிருக்கலாம் என்றேன். கருப்பையா குனிந்து உற்றுப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே மனசு இளகிவிட்டது. "அடப்பாவமே! இம்புட்டு வலியோடயா திரிஞ்சா? கட்டுனவன் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தான்?" என்றார்.

பின்னால், கொட்டகைத் தூணில் சாய்ந்து கழுத்தைப் பிடித்தபடி நின்றிருந்த பேச்சியம்மாள்தான் சொன்னார். "நடிக்கிறான்னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பான்."

சட்டி கைமாறியது

மறுநாள் குழிக்குக் கருப்பையா வரவில்லை. பேச்சியம்மாளை பைக்கில் ஏற்றிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு நசுங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை போயிருக்கும், இனிமேல் தலையில் துரும்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சத்தம் போட்டாராம். கழுத்துப் பட்டையும் பயிற்சியும் கொடுத்து அனுப்பினார்கள். அதைக் கேட்டபோது கண் கலங்கியது, மறைப்பானேன்.

ரெண்டு மாதம் கழித்துப் போனேன். மாவீரன் ஃப்ளெக்ஸ், சிங்கம் மேலே தெரிய, தாழி எடுத்த பழைய குழியை மழைக்கு மூடியிருந்தது; பக்கத்தில் புதுக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து சல்லடை மண்ணில் பொறுக்கி எடுத்த பாசிமணிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். விரல் மரப்பு முக்கால்வாசி போய்விட்டதாம். அவருக்குப் பதிலாகச் சட்டி சுமந்தவர் கருப்பையா. பத்தாவது நடையில் சட்டியை இறக்கிவிட்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் என்ன என்று கேட்பதற்குள் ஸ்டூலிலிருந்து பதில் வந்தது. "அத ஏன் கேக்குறீக டாக்டரம்மா, அவருக்கு வேலைன்னா மட்டுந்தான் கழுத்து வலிக்கும்."

வலிக்கிறது என்று உயிரோடு இருக்கும்போது சொல்வதை வீட்டில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டால், பிற்காலத்தில் என்னைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.