ஆஸ்பத்திரியின் ஒரே நாற்காலி

வாசலில் கார் சத்தம் கேட்டதும் வண்டிக்காரர் சக்கர நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஐயோ, இடுப்பு போச்சே" என்று முனக ஆரம்பித்துவிடுவார். காரிலிருந்து இறங்குகிறவர் நாற்காலியை ஏக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தே உள்ளே போவார். அவர் தலை மறைந்ததும் இவருக்கு இடுப்பு சரியாகிவிடும்.

நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவதுதான் அவர் வேலை. அந்த அரசு ஆஸ்பத்திரியில் சக்கரம் சுழலுகிற நாற்காலி அது ஒன்றுதான். 'ஏழை பணக்காரர் எல்லாருக்கும் ஒரே சிகிச்சை' என்று புதுத் திட்டம் வந்தபோது ஆளுயரப் பலகை ஒன்றை மாட்டினார்கள். பின்னாலேயே இரண்டாவது நாற்காலியும் வரும் என்று மனிதர் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார். பலகையைத் துடைக்க ஓர் ஆள்தான் வந்தான்.

"சிபாரிசோட வர்றவனுக்குக் கால் நல்லாத்தான் இருக்கும். கால் போனவனுக்கு ஏது சிபாரிசு?" என்பார். நாற்காலியை ஒளித்துவைத்துப் பார்த்தார், கண்டுபிடித்துவிட்டார்கள். நோயாளி உட்கார்ந்திருந்தால் மட்டும் யாரும் எழுப்பத் துணிவதில்லை. அதனால் அவரே நோயாளியானார். மனைவிக்குத்தான் இது பிடிக்கவில்லை. "சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க. ஒரு நாள் நெஜமாவே ஏதாவது வந்துடப்போகுது."

போன வாரம், திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மேலதிகாரி வந்தார். கார் சத்தத்துக்கு இவர் வழக்கம்போல் சாய்ந்துவிட்டார். அதிகாரி இளகிய மனசுக்காரர். "இவரை ஏன் காக்க வச்சிருக்கீங்க?" என்று டாக்டரையே வாசலுக்கு வரவழைத்தார். ஆளை அடையாளம் கண்ட டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு, பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினார். பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை பார்த்தார்.

"விளையாட்டு இல்லைய்யா. பிரஷர் எகிறிக் கிடக்கு. எந்திரிக்காதீங்க, இப்படியே வார்டுக்குப் போங்க."

அத்தனை நாள் முனகியவருக்கு அப்போது ஒரு முனகல்கூட வரவில்லை. பயந்துபோய்விட்டார், பாவம்.

நர்ஸ் நாற்காலியைத் திருப்பும்போதுதான், கால் வீங்கிப்போன கணவனை முதுகில் சுமந்துகொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். வண்டிக்காரர் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"எனக்கு இடுப்பு சரியாயிடுச்சும்மா" என்று நர்ஸிடம் சொல்லி இறங்கினார்.

தோள் துண்டால் இருக்கையைத் துடைத்து, அந்த மனிதனை உட்காரவைத்தார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய், தள்ளுகிறவர் போலவே, விழுந்துவிடாமல் இருக்க அதன் பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.