அரைக்கைச் சட்டை

திங்கட்கிழமை காலை தபால் பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது செல்வின் அண்ணாச்சியின் மகள் போனில் அழைத்தாள். "அப்பா போயிட்டாங்க மாமா" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் நினைவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் சர்ச் கோபுரம் தண்ணீருக்குள் தெரிவதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

எங்கள் தபால் ஆபீஸ் கவுண்டரில் அவரை முழுக்கைச் சட்டையோடுதான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சித்திரை வெயிலிலும் மணிக்கட்டுவரை பித்தான் போட்டிருப்பார். உள்ளே இருபது வருடச் சொரியாசிஸ், செதில் செதிலாக. ரசீதைக் கையில் வாங்காமல், அங்கே வையுங்கள் என்பவர்கள் உண்டு. அவர் சிரித்துக்கொண்டே வைப்பார். எனக்குத்தான் கோபம் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு மதுரையில் ஒரு டாக்டர் ஊசி போட ஆரம்பித்தார். துணைக்குப் போனது நான்தான். இந்த ஊசி உடம்பின் எதிர்ப்பு சக்தியை அமுக்கிவைக்கும், தோல் ஆறும், ஆனால் காசம் மாதிரித் தொற்று சுலபமாக உள்ளே வந்துவிடும் என்றார். இருமுகிறவர்கள் பக்கம் போகாதீர்கள், லேசாகக் காய்ச்சலோ இருமலோ வந்தாலும் அன்றே வாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்றே மாதத்தில் அரைக்கைச் சட்டைக்கு மாறினார். மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்று கேலி செய்தோம். சர்ச்சில் எல்லாருக்கும் கைகொடுத்தார். முன்பெல்லாம் சீக்காளிகள் வீட்டு வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டுத் திரும்புவார். இப்போது உள்ளே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். என் அம்மா இருமிக் கிடந்தபோதும் வந்தார். நான் தடுத்திருக்க வேண்டும். அம்மா கண்ணை மூடியபடி அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தாள். சாயங்கால வெளிச்சத்தில் அது எண்ணெய் தேய்த்த பிள்ளையின் கைபோல் மினுங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் காசம் என்று தெரிந்தது. அவரிடம் சொன்னேன். அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று மட்டும் கேட்டார்.

சில மாதங்களில் அவரும் இருமினார். டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாதீரும் வே. ஊசிய நிப்பாட்டிருவாவ. பழைய கைய வச்சிக்கிட்டு நான் எங்கன போவேன்?"

பத்து நாள் சொல்லாமல் இருந்தேன். பதினோராம் நாள் மூச்சு இரைத்த அவரை மதுரைக்கு இழுத்துப்போனேன். அவருக்கும் காசம்தான், அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். தோலுக்கு வேறு வழி பார்த்திருக்கலாமே, முதல் நாளே வந்திருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அம்மா தேறிவிட்டாள். "அந்த ஜெபம் பண்ணுத தம்பி ஏம்லே வரக் காணோம்?" என்று கேட்கிறாள். இன்னும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, அன்று என்னைத் தடுத்த கையின் சூடு. அது காய்ச்சல் சூடு என்று அப்போதே எனக்குத் தெரியும்.