ஓலை கொண்டுவராத மாமன்

செங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய இருசாயிக்குப் பிள்ளை இல்லை. ஐந்தும் பெண்ணாகப் பெற்ற சீனக் காய்கறிக்காரர் ஒருவர், கடைசிக் குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார். பவளம் என்று பெயர் வைத்து, உயிராய் வளர்த்தாள்.

1935-இல் பவளம் வயதுக்கு வந்தாள். தனிக்குடிசை கட்டத் தாய்மாமன்தான் பச்சை ஓலை கொண்டுவர வேண்டும். இருசாயியின் தம்பி சடையன் தோட்டத்து வரிசை வீடுகளில் அடுத்த லயத்தில்தான் இருந்தான், வரவில்லை.

"சீனச்சிக்கு நான் மாமனா? நாலு பேரு சிரிப்பாங்க" என்று சொல்லியனுப்பினான். மலேரியாவில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊட்டியவள் அந்தச் சீனச்சிதான். இருசாயி பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஓலை வெட்டிக் கட்டினாள்.

மூன்று வருஷம் போனது. தோட்டங்களில் பெண்ணுக்குப் பஞ்சம். சடையன் மகனுக்கு எங்கு தேடியும் பெண் அமையவில்லை. ஒருநாள் வெற்றிலைத் தட்டோடு பல்லிளித்தபடி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, என் மவனுக்கு மொறைப்பொண்ணு இருக்கையில வெளியில குடுக்கலாமா?"

இருசாயி தட்டைத் தொடவில்லை.

"ஓலை கேட்டப்ப அவ சீனச்சி. இப்ப மட்டும் மொறைப்பொண்ணா? சீனச்சி வேணும்னா சீனன் வீட்டுல போயிக் கேளுடா. இவ என் பொண்ணு. இவளுக்கு மாமன் கெடையாது."