குச்சியில்லாத வீடு

யுத்தம் தொடங்கிய வருஷம் எனக்குப் பத்தொன்பது வயது. சுருளிப்பட்டியிலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. என் வீட்டுக்காரர் குமுளி மலை எஸ்டேட்டுகளிலிருந்து ஏலக்காய் மூட்டைகளை மாட்டுவண்டியில் கம்பத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் அவர் வெறும் வண்டியோடு வீடு திரும்பினார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், வண்டிக்குள் விரித்திருந்த வைக்கோலில் இரண்டு நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை.

"எஸ்டேட்டு வெள்ளக்காரத் துரை பட்டாளத்துக்குப் போயிட்டாக. பங்களாக் காவக்காரன் இதுகளக் கட்டிப்போட்டு தெனமும் வெளுத்திருக்கான். முதுகப் பாரு. மனசு கேக்கல, தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

என் மாமியாருக்குச் சந்தோஷம். "தென்னந்தோப்புக் காவலுக்கு ஆச்சு" என்று கிட்டே போனார். அவ்வளவுதான், இரண்டும் வண்டியிலிருந்து பாய்ந்து கொல்லையில் இருந்த வைக்கோல் படப்பின் அடியில் புகுந்துகொண்டன. மாமியார் குனிந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இதுகளா காவல் காக்கப் போகுது? இதுகளுக்குத்தான் நாம காவல் இருக்கணும் போலயே!"

சோற்றை வைத்துவிட்டு நாங்கள் அகன்றால்தான் சாப்பிடும். மூன்றாம் நாள் நான் அவசரப்பட்டு உள்ளே கையை நீட்டினேன். கறுப்பு பயத்தில் அங்கேயே மூத்திரம் விட்டுவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி நானாகத் தொடுவதில்லை, ஏறிட்டுப் பார்ப்பதுகூட இல்லை என்று முடிவுசெய்தேன்.

மறுநாளிலிருந்து மத்தியானம் வேலை முடிந்ததும், படப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டே பேசுவேன். என் குரல் பழகட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். புது வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததெல்லாம் தானாக வர ஆரம்பித்தது. அம்மா வீட்டுப் பசு, சுருளி அருவிக்குப் போய் வழுக்கி விழுந்தது, இந்த வீட்டுக் குழம்பில் உப்பே இல்லாதது, எல்லாம். உப்பு விஷயம் சொன்ன மறுநாள் குழம்பு வாயில் வைக்க முடியாத கரிப்பு! மாமியார் பரிமாறியபடி கேட்டார்: "இப்பப் போதுமா ஆத்தா? இல்ல, நாய்கிட்டக் கேட்டுட்டு வாரியா?" படப்புக்கு அந்தப் பக்கம் அவர் வறட்டி தட்டிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் தலையைக் குனிந்தேன். மாமியார் சிரித்த சிரிப்பில் கரண்டிக் குழம்பு தரையில் கொட்டியது. அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தோம்.

பன்னிரண்டாம் நாள், முதுகில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு! மொச்சை கையிலேயே நின்றுவிட்டது. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். ஆனால் உள்ளுக்குள் கரகாட்டமே நடந்தது. "அத்தை... அத்தை..." என்று கிசுகிசுத்தேன். "என்ன புள்ள, பாம்பா?" என்று அவர் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, கறுப்பு மறுபடி உள்ளே போய்விட்டது. வெளியே வர இன்னும் மூன்று நாள் ஆனது.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. யார் கையிலாவது நீளமாக ஒன்றைக் கண்டால் அவற்றுக்கு உயிர் போய்விடுகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குச்சி என்பதே கண்ணில் படக்கூடாது என்று ஆனது. வீட்டுக்காரர் சாட்டையைத் தெருமுனைப் புளியமரத்தில் சொருகிவிட்டு வருவார். மாமனார் ஊன்றுகோலை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வருவார். மாமியார் விளக்குமாற்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடிவைத்து நடப்பார். பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, "என்ன மதினி, இடுப்புப் பிடிப்பா?" என்று கேட்டார்.

"இல்ல, நாய் கோவிச்சுக்கிரும்" என்றார் மாமியார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கறுப்பு ஒரு மாதத்தில் என் மடியில் தலைவைத்துப் படுத்தது. செவலை மட்டும் ஒரு முழத் தூரத்துக்குள் வராது. கையிலிருந்து கருவாட்டுத் துண்டை வாங்கும், விரலில் உதடு படாமல் வாங்கும். அப்படி ஒரு சாமர்த்தியம்.

பிறகு ஒரு காலையில், வண்டி போகாத நாள், வயலில் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்த வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வாய்க்காலைத் தாண்டித் திரும்பினால், பின்னால் இரண்டும்! கொல்லையைத் தாண்டாத பிராணிகள், வெயிலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கின்றன. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கஞ்சிக் கலயத்தை வரப்பில் வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தேன். அவையும் ஓடிவந்தன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி நாற்று வயல் ஓரமெல்லாம் ஓடினேன். நடவு நட்ட பெண்கள் நிமிர்ந்து, "அடியேய், என்ன கூத்து இது!" என்று கத்தினார்கள். வரப்பு வழுக்கியது. மல்லாக்கச் சேற்றில் விழுந்தேன்.

கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேரே செவலை. ஒரு கணம் யோசித்தது. பிறகு என் கன்னத்தை நக்கியது, மூக்கை நக்கியது, காதை நக்கியது. கையைத் தூக்கி அதன் கழுத்தைத் தொட்டேன். விலகவில்லை.

மடையில் நின்ற வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார். "ஏய், அடி பட்டுருச்சா?"

"தொட்டுருச்சுங்க! தொட்டுருச்சு!" என்று நான் சேற்றில் கிடந்தபடியே கத்தினேன். கறுப்பும் குதித்து எங்கள்மேல் விழுந்தது.

வீட்டுக்கு வந்தோம். நாய்கள்மேலும் என்மேலும் ஒரே நிறச் சேறு. வாசலில் மாமியார் ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல எதுடா என் மருமக?" என்று மகனிடம் கேட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய் வாளியை எடுத்தார்.