சத்தம் விற்ற கடை

வால்வு ரேடியோவைத் திருகினால் உடனே பாடாது. முதலில் உள்ளே தூசி கருகும். சூடான தகரமும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். அப்புறம் எங்கிருந்தோ ஒரு இரைச்சல்... அதற்கும் பிறகுதான் பாட்டு.

ஐம்பதுகளின் கடைசியில், சிராங்கூன் ரோட்டில் என் கடை முழுக்க அந்த வாசனைதான். கடை என்றால் அரைக் கடை. மறு பாதியில் ஒரு தையல்காரர் மிஷின் போட்டிருந்தார். ரேடியோ வாங்க வசதியில்லாதவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள். நான் விரட்டியதில்லை. வாசலில் கூட்டம் இருந்தால்தான் வாங்குகிறவன் உள்ளே வருவான்.

சவரிமுத்து அந்த வாசலில் கிடைத்த கூட்டாளி. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுவான். திருவிழா வந்தால் நாடக மேடை. அன்றைக்கு எங்கள் மேடைகளில் மைக் ஏது? ராஜா வேஷத்தில் அவன் ஒரு பாட்டை எடுத்தால், கடைசி வரிசைக்குப் பின்னால் கச்சாங் கடலை விற்கிறவருக்கும் சொல் சொல்லாக விழும்.

"நீ பாடினா போன கப்பல் திரும்பி வந்துரும்டா" என்று கேலி செய்வோம்.

அவனுக்கு ரேடியோவில் கால் மணி நேரம் கிடைத்தது. நேரடி ஒலிபரப்பு. நன்றாகப் போனால் மாதாமாதம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள்ளேயே அவன் முதுகு போக ஆரம்பித்திருந்தது. ரேடியோ பாடகர் என்று பெயர் வந்துவிட்டால் கல்யாணக் கச்சேரிகள் வரும், மூட்டையை விட்டுவிடலாம்... அவன் மனைவி லூர்து அந்த ஒன்றையே நம்பிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கடையிலேயே பெரிய செட்டை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். லூர்து முன்னால் முக்காலியில். பின்னால் தெருவே நின்றது.

அறிவிப்பாளர் குரல் கணீரென்று வந்தது. அடுத்து சவரி.

கிணற்றில் இறங்கித் தூர் வாருகிறவன் உள்ளேயிருந்து பாடுகிற மாதிரி... சின்னதாய், எட்டத்தில்.

"ஏம்பா காசி, செட்டுல கோளாறா?" என்றார் தையல்காரர்.

திருகிப் பார்த்தேன். செட்டில் ஒரு கோளாறும் இல்லை.

லூர்து திரும்பி என்னைப் பார்த்தாள். "அண்ணே, இது அவரு இல்லையே..."

கொஞ்ச நேரத்தில் சவரி வந்து சேர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"டேய் காசி! என் குரலுக்கு அந்த ரூமே பத்தலடா! சத்தம் அளக்கிற மிஷின்ல முள்ளு செவப்புல போய் முட்டுது. பின்னால போங்க, பின்னால போங்கன்னு என்னைச் செவுத்தோட ஒட்டிட்டான். இன்னும் போகணும்னா நான் ரோட்டுக்குத்தான் போகணும் லான்னு சொல்லிட்டேன். காதுல சொல்ற மாதிரி பாடுங்கன்றான். காதுல சொல்ல நான் என்ன கல்யாணத் தரகனா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தான். மைக்குக்கு வேண்டியது கிட்டே நின்று முனகுகிற ஆள் என்பது இந்தத் தொழிலில் இருந்த எனக்குத் தெரியும்.

"எப்படி இருந்துச்சு லூர்து?"

"வீட்டுக்குப் போவோம், வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடவில்லை. அந்த இடத்துக்கு ஒரு கிளார்க் வந்தார். கோப்பிக் கடையில் அவர் பேசினால் எதிரே இருப்பவருக்கே கேட்காது. ரேடியோவிலோ, பக்கத்துத் தலையணையிலிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. ஊர் மயங்கியது. பாட்டுகளும் மெல்ல மெல்ல அந்தக் குரலுக்கு ஏற்ற மாதிரியே இறங்கி வந்தன.

அறுபதுகளில் எலெக்ட்ரிக் கித்தார், ஆம்ப்ளிஃபயர், ஆர்கன் என்று வரிசையாக வந்தது. எல்லாம் விற்றேன். நன்றாகவே விற்றேன். அதில் எனக்கு வெட்கமில்லை. நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்றிருப்பார்.

ஒரு கல்யாண விருந்தில், பழைய பழக்கத்துக்காக சவரியைப் பாடச் சொன்னார்கள். பின்னால் கித்தார் பையன்கள், என் கடைப் பெட்டிகளோடு. சவரி மைக்கை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பாட்டை எடுத்தான். வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது... ஒரு சொல் கேட்கவில்லை. கித்தார் மட்டும்தான். சனம் சாப்பாட்டைப் பார்க்கப் போய்விட்டது.

மறுநாள் கடைக்கு வந்தான். ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"இதுல என்னைவிட சத்தமா வருமா?"

"வரும்டா."

"யாரு வாங்கினாலும் வருமா?"

"காசு குடுத்தா யாருக்கும் வரும்."

"அப்ப சரி லா."

அவ்வளவுதான். அப்புறம் அவன் பாடவில்லை. கோயிலில்கூட வாய் திறக்கவில்லை. முதுகு அடியோடு போகிறவரைக்கும் மூட்டைதான் தூக்கினான். அவன் போய் எத்தனையோ வருஷமாகிறது. லூர்தும் போய்விட்டாள்.

இப்போது பாசிர் ரிஸ்ஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். அந்தக் காலத்து எந்தப் பாட்டைக் கேட்டாலும் போன் எடுத்துக் கொடுக்கிறது. சவரி மட்டும் எங்கேயும் இல்லை. அன்று ரேடியோவில் வந்ததை யாராவது பிடித்து வைத்திருந்தாலும் அது அவன் குரல் ஆகாது. அவன் குரல் இருந்ததெல்லாம் கேட்டவர்கள் காதில்தான். அவர்களில் நான்தான் பாக்கி என்று நினைக்கிறேன்.

போன மாதம் எனக்குக் காது மிஷின் பொருத்தினார்கள். பொருத்திய பெண் பொறுமையாக விளக்கிச் சொன்னாள்.

"சின்னச் சத்தத்தைத் தூக்கிக் குடுக்கும், பெரிய சத்தத்தை அமுக்கிடும். காது நோகாது, அங்கிள்."

உண்மைதான். பேத்தி கத்துவதும், மருமகன் முணுமுணுப்பதும், பஸ் போவதும் எல்லாம் ஒரே உயரத்தில் வருகிறது. சவரி எழுந்து வந்து இந்தக் கூடத்தில் நின்று பாடினாலும், எனக்கு வந்து சேர்வது இந்த மிஷின் அளந்து கொடுக்கிற சவரியாகத்தான் இருக்கும்.

கழற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை.