ஆறு வெள்ளி டொலர்களும் என் உரைகல்லும்

1. முதலாளியின் சட்டம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்த ஒரு நகைக்கடையின் பட்டறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். கடையின் பெயர் வேண்டாம். சேர்ந்த முதல் மாதமே ஒரு கப்பல்காரனிடம் வெள்ளிச் சங்கிலி என்று நம்பி, முலாம் பூசிய பித்தளையை வாங்கி வைத்தேன். முதலாளி அதைக் கையில் எடுத்த உடனேயே என் முன்னால் வீசினார்.

"உனக்குக் கண் முகத்திலயோ பிடரியிலயோ? கல்லில உரசாமல் ஒரு குண்டுமணியும் இந்தக் கடைக்குள்ள வரக்கூடாது. ராசா கொண்டுவந்து தந்தாலும் உரசு!"

அன்று பட்ட வெட்கம் எனக்கு உடம்பில் ஊறிவிட்டது. அதன் பிறகு எது வந்தாலும் உரைகல்லில் ஒரு கோடு, அதன் மேல் ஒரு சொட்டு அமிலம். தாயத்து வந்தால் வெட்டி உள்ளே பார்ப்பேன். ஊரில் என்னைக் 'கல்லுப் பாலன்' என்றார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை வேறு.

2. அசனார் காக்காவின் அலுமாரி

எழுபதுகளின் பின்பகுதி. துறைக்கு அக்கரையில் இருக்கிற கிண்ணியாவைச் சேர்ந்த அசனார் காக்கா (அந்தப் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்), தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களிலிருந்து ஆட்களைக் கரைக்கு ஏற்றி இறக்கும் லாஞ்ச் ஓட்டுபவர். கோதுமை மா கொண்டுவந்த ஓர் அமெரிக்கக் கப்பலின் சமையற்காரன், கடலில் தவறி விழுந்தபோது இவர்தான் தூக்கி லாஞ்சில் போட்டாராம். அந்த நன்றிக்கு அவன் ஒரு பழைய வெள்ளி டொலர் கொடுத்தான். நூறு வருடப் பழைய காசு. அதை அமெரிக்க அரசாங்கமே கண்ணாடி போன்ற கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி விற்றிருந்தது. அடுத்தடுத்த பயணங்களில் அவன் இன்னும் கொண்டுவந்தான். காக்காவும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினார். ஆறு சேர்ந்தன. அவருடைய மனைவி கதீஜா அவற்றை அலுமாரியில் ஒரு பழைய சீலைத்துண்டில் சுற்றி வைத்து, பெருநாளைக்கு மட்டும் எடுத்து எல்லோருக்கும் காட்டுவாராம். தொட விடமாட்டாராம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சீலைத்துண்டோடு காக்கா கடைக்கு வந்தார். முகம் கறுத்துப்போய் இருந்தது.

"தம்பி, மனிசிக்கு மார்பில கட்டி. பெரியாஸ்பத்திரி டொக்டர் கொழும்புக்குக் கடிதம் தந்தவர். அங்க முறை வர அஞ்சு மாசமாம். காசு கட்டினா தனியார் ஆஸ்பத்திரியில வாற கிழமையே வெட்டலாமாம்."

"அதுக்கு இந்தக் காசோ காக்கா?"

"ஓம். தேயிலை ஏத்த வந்து நிக்கிற கப்பலில ஒரு சீஃப் எஞ்சினியர், இதுகளத்தான் சேக்கிறவர். ஒண்டுக்கு நாப்பது டொலர் தாறன் எண்டவர். வியாழக்கிழமை இஞ்ச வருவார். எனக்கு இங்கிலீசு வராது. நீங்க கதைச்சுக் குடுங்க."

நான் சிரித்துவிட்டேன். அந்த எடை வெள்ளிக்கு நாலு டொலரே அதிகம்.

"பெட்டி கீறுப்படாமப் பாத்துக்கொள்ளுங்க தம்பி," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

3. என் கெட்டித்தனம்

முதலாளி அந்தக் கிழமை கொழும்பில். பொறுப்பு என்னுடையது. ஒரு பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாணயத்தின் விளிம்பு கறுத்து, நடுவில் நீலமும் மஞ்சளுமாய்க் களிம்பு. இந்த அழுக்குக்கு நாற்பது டொலரா? நாளைக்கு அந்த ஆள் போலி என்று சொல்லிக்கொண்டு வந்தால் காக்காவும் மாட்டுவார், கடையும் மாட்டும். உரசத்தானே வேண்டும்?

உளியைப் பொருத்தில் வைத்து ஒரு தட்டு. பிளாஸ்டிக் குறுக்கே பிளந்தது. விளிம்பைக் கல்லில் உரசினேன், அமிலம் விட்டேன். நல்ல வெள்ளி! ஒன்றைப் பார்த்தால் ஆறையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஆறையும் உடைத்தேன்.

அதோடு விட்டேனா? சனியன் பிடித்த கை. புளிக்கரைசலில் கொதிக்க வைத்து, பூந்திக்கொட்டை நுரையில் தூரிகையால் தேய்த்து, இன்றைக்கு வார்த்தது மாதிரிப் பளபளவென்று ஆக்கினேன். சிவப்பு வெல்வெட் துணியில் வரிசையாக வைத்துவிட்டு நானே அழகு பார்த்துக்கொண்டு நின்றேன். காக்காவுக்காக நாற்பதை ஐம்பதாக்கலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

4. வியாழக்கிழமை

எஞ்சினியர் நரைத்த, அமைதியான மனிதர். துணியைப் பார்த்தார். "பெட்டி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குப்பைத் தகரத்திலிருந்து துண்டுகளை எடுத்துக் காட்டினேன். அவர் ஒரு நாணயத்தை எடுத்து, நான் உரசிய விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் காசுகள் நூறு வருடமாக ஒரு கையும் படாமல் கிடந்தவை. அதற்குச் சாட்சி அந்தப் பெட்டி. அந்தக் கறுப்புத்தான் அவற்றின் வயது. "இப்போது இவை வெறும் வெள்ளி. எனக்கு வேண்டாம்," என்றார். நான் கெஞ்சினேன். காக்காவின் மனைவிக்கு வந்த கட்டி வருத்தத்தையும் சொன்னேன். பத்து டொலரைக் காக்காவிடம் கொடுக்கச் சொல்லி மேசையில் வைத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் காக்கா வந்தார். சட்டை தோய்த்துப் போட்டிருந்தார். கொழும்பு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டே வந்திருந்தார்.

"என்ன தம்பி, வந்தவரோ?"

"வந்தவர் காக்கா. வேண்டாமெண்டிட்டார்."

"ஏன்? பெட்டியெல்லாம் எங்க?"

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "அவர்தான் உடைச்சுப் பாத்தவர். பாத்திட்டு வேண்டாமெண்டு போட்டார். நான் என்ன செய்ய ஏலும்?"

அவர் துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. "வெள்ளைக்காரன் இப்படிச் செய்வானெண்டு நான் நினைக்கேல்ல," என்றார். எஞ்சினியர் விட்டுப்போன பத்து டொலரோடு எடைக்கு வெள்ளி விலையும் போட்டு, என் கையிலிருந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். தனியார் ஆஸ்பத்திரிக்கு அது கால்வாசிக்கும் காணாது. அவர் எண்ணிப் பார்க்காமலே மடியில் கட்டிக்கொண்டு போனார்.

கொழும்பில் முறை வந்தபோது, இனி வெட்டிப் பயனில்லை என்று டொக்டர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

5. கிண்ணியாவில் ஒரு சாப்பாடு

"மனிசி மௌத்தாப் போயிட்டா தம்பி. நாப்பதாம் நாள் கத்தம் ஓதுறம். நீங்க கட்டாயம் வரவேணும்," என்று கடை வாசலில் நின்று மனைவியின் சாவைச் சொல்லிக் காக்கா என்னைச் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

துறையைக் கடந்து போனேன். போகாமல் இருக்கத் துணிவு வரவில்லை. பாயில் அவருக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார். சகன் என்கிற ஒரே பெரிய தட்டில் ஐந்து பேர். நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தார்.

"இந்தத் தம்பி நல்ல மனுசன்," என்று மற்றவர்களுக்குச் சொன்னார். "அந்த வெள்ளைக்காரன் பெட்டிய உடைச்சுக் காசையும் கெடுத்திட்டுப் போனான். இவர் தன்ர காசையும் போட்டுத் தந்தவர். அல்லாஹ் இவருக்குக் குறை வைக்கமாட்டான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் சோறு. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். விழுங்கிவிட்டு, தலையை ஆட்டினேன்.

காக்காவும் இப்போது இல்லை. பட்டறையில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் எழுதுகிறேன். தெரியாத பொருளைத் திறக்காதீர்கள். திறந்து கெடுத்துவிட்டால், அந்த ஆள் வாசலில் கால் வைத்த உடனே 'நான்தான் செய்தனான்' என்று சொல்லிவிடுங்கள். அவர் அடிக்கட்டும், ஏசட்டும். ஒருநாள் பிந்தினால் ஏலாது. பிறகு அவர் உங்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிடுவார்.